நெல்லைச் சீமைக் கிறிஸ்தவக் கோயில்களில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வர: எங்கே, எப்போது, எப்படி?

கொங்குக்காரன் கேட்டது:

வணக்கமுங்க. தை மாசக் கடைசியில ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருநெல்வேலி வந்து இறங்கறோம். ஞாயித்துக்கிழமை ராத்திரி ரயிலுக்குத் திரும்பணும். நான், வீட்டுக்காரி, 70 தாண்டின அம்மா, மூணு பேர். அங்கயே வாடகைக்கு ஒரு கார் எடுத்துக்குவோம்.

நாங்க கிறிஸ்தவங்க இல்லைங்க. அன்புங்கற ஒரு சொல்லை இத்தனை அழுத்திச் சொல்ற மதம், அதோட கோயில்ல உட்கார்ந்து அதைப் பத்தி நிதானமா யோசிக்கணும்னு ஆசை. போட்டோ எடுத்துட்டு ஓடற பயணமா இருக்கக் கூடாது. உங்க சீமையில கோயிலுக்குப் பஞ்சமில்லைன்னு தெரியும், அதுதான் குழப்பமே.

எந்தக் கோயிலுக்குப் போகலாம்? எப்பத் திறந்திருக்கும்? ஆராதனை நடக்கறப்ப வெளியாள் உள்ள போய் உட்காரலாமா, எங்க உட்காரணும், எதைச் செய்யக் கூடாது? அப்பம் குடுக்கறப்ப வாங்கிக்கலாமா? அந்த அன்புங்கறது கண்ணுக்குத் தெரியற மாதிரி எங்கயாவது இருந்தா அதையும் சொல்லுங்க.


ஊசிக்கோபுர நிழல் எழுதியது:

திறக்கும் நேரத்திலிருந்து தொடங்குகிறேன். வெளியூர்க்காரர்கள் ஏமாந்து திரும்புவது இதில்தான்.

சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) கோயில்கள் வார நாளில் பெரும்பாலும் பூட்டித்தான் கிடக்கும். ஜெப வேளைக்குத் திறப்பார்கள், முடிந்ததும் மூடிவிடுவார்கள். உயரமான கட்டடம் என்பதால் திறந்து போட்டால் வௌவாலும் புறாவும் புகுந்து ஒரே வாரத்தில் பீடம் வரை எச்சமாகிவிடும். உண்டியலுக்கும் மைக் செட்டுக்கும் பகலில் காவலாள் கிடையாது. அதனால் பூட்டைப் பார்த்து மனம் சுருங்க வேண்டாம். சாவி பக்கத்தில் குருவானவர் குடியிருக்கும் குருமனையிலோ சபை ஊழியர் வீட்டிலோ இருக்கும். குருமனை வாசலில் நின்று "ஐயர் இருக்காங்களா?" என்று கேளுங்கள். இந்தப் பக்கத்தில் சி.எஸ்.ஐ. குருவானவருக்கு ஐயர் என்றுதான் பேர், அவர் மனைவி ஐயரம்மா. "உள்ளே கொஞ்ச நேரம் அமைதியா உட்காரணும்" என்று சொன்னால் போதும், திறந்து விடுவார்கள். காலை 9.30-லிருந்து 11.30 வரை அல்லது சாயங்காலம் 4 மணிக்கு மேல் போங்கள். மத்தியானம் 1-லிருந்து 3 வரை கதவைத் தட்ட வேண்டாம். விடிகாலை ஜெபம், சாவு வீடு, கல்யாண வீடு என்று அலைந்த மனிதர் கண்ணயரும் நேரம் அது.

இன்னொரு உபாயம்: சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் ஆராதனைக்காகப் பெருக்கித் துடைப்பார்கள், பாடகர் குழு பாட்டுப் பழகும். கதவு தானாகவே திறந்திருக்கும். ஒரே பாமாலையின் (ஆராதனைப் பாட்டின்) நாலு குரலையும் தனித்தனியாகப் பழகி, பிறகு சேர்த்துப் பாடுவதைப் பின் பெஞ்சில் இருந்து கேட்கலாம். அமைதியாக யோசிக்க அந்த ஒரு மணி நேரம் மிக நல்ல நேரம் என்பது என் எண்ணம்.

பாளையங்கோட்டையில் இரண்டு இடம். ஊசிக் கோபுரம் என்று ஊரே சொல்லும் தூய திரித்துவப் பேராலயம். ரேனியஸ் என்ற மிஷனெரி 1826-ல் கட்டியது, கோபுரம் மட்டும் 1845-ல் எழும்பியது. பார்க்கக் கம்பீரம். ஆனால் உங்கள் கேள்விக்குப் பொருத்தமானது அதைவிட மூத்த, அதைவிடச் சின்னக் கோயில்: 1785-ல் ஆன குளோரிந்தா ஆலயம். ஆட்டோக்காரரிடம் "பாப்பாத்தி அம்மாள் கோயில்" என்று கேளுங்கள்.

அந்தப் பேருக்குக் காரணம் இது. கோகிலா என்ற தஞ்சை மராட்டியப் பிராமண விதவை, ஓர் ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர். கிறிஸ்தவ வேதத்தை அந்த அதிகாரியிடமே கேட்டறிந்து, ஞானஸ்நானம் வேண்டும் என்று மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் போய்க் கேட்டார். மணமாகாமல் வாழ்கிறீர்கள் என்று சொல்லி சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பின் மறுபடியும் கேட்டு, 1778-ல் குளோரிந்தா என்ற பேரில் ஞானஸ்நானம் பெற்றார். 1780-ல் பாளையங்கோட்டைச் சபையின் முதல் பட்டியலை எழுதியபோது அதில் 40 பேர், முதல் பேர் இவருடையது. கதவு சாத்தப்பட்ட ஒரு பெண், அதே கதவுக்காரருக்கு ஒரு கோயிலைக் கட்டிக் கொடுத்து, அவரையே வரவழைத்துப் பிரதிஷ்டை செய்ய வைத்தார். வருத்தத்தை வைத்துக்கொள்ளாமல் இருப்பது எத்தனை பெரிய காரியம் என்று அந்தச் சின்னக் கோயிலுக்குள் உட்கார்ந்து யோசிக்கலாம்.

இனி ஞாயிறு ஆராதனை. முதல் மணி ஊரை எழுப்ப, இரண்டாம் மணி தொடங்க. இடைவெளி ஊருக்கு ஊர் மாறும், அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவில் போய்விட வேண்டும். இரண்டாம் மணி அடித்ததும் ஐயரும் பாடகர் குழுவும் பவனியாக உள்ளே வருவார்கள், அப்போது நடுப்பாதையில் நீங்கள் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. செருப்பு வெளியே. டவுன் கோயில்களில் போட்டுக்கொண்டு வருகிறவர்களும் உண்டு, கிராமத்தில் கிடையாது. சந்தேகம் என்றால் வாசலைப் பாருங்கள், செருப்புக் குவியல் பதில் சொல்லும்.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். கிராமத்தில் கணவன் மனைவி சேர்ந்து உட்காருவதில்லை. உங்கள் அம்மாவும் மனைவியும் பெண்கள் பக்கம் போகட்டும். ஜெப வேளையில் பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொள்வார்கள், சுடிதார் என்றால் துப்பட்டா. முன் வரிசைகளை விட்டுவிட்டு, பின்னாலிருந்து நாலைந்து வரிசை தள்ளி உட்காருங்கள். கடைசி வரிசை வேண்டாம்: எப்போது எழுந்திருப்பது, எப்போது முழங்கால் போடுவது என்று பார்த்துச் செய்ய உங்களுக்கு முன்னால் ஆள் வேண்டும். சுவரில் ஒரு பலகையில் எண்கள் தொங்கும், அன்றைக்குப் பாடும் பாமாலை, கீர்த்தனை எண்கள் அவை. பக்கத்தில் இருப்பவர் புத்தகத்தை விரித்து உங்கள் கையில் வைத்துவிடுவார். பாடத் தெரியாவிட்டாலும் வாங்கிக்கொள்ளுங்கள், மறுத்தால் அவருக்கு ஒரு மாதிரி இருக்கும்.

சாதாரண ஆராதனை ஒன்றரை மணி நேரம். அப்பம் கொடுக்கும் திருவிருந்து இருந்தால் இரண்டரையும் ஆகும்.


உவரிக் காத்து எழுதியது:

மேலே சொன்னது சி.எஸ்.ஐ. பக்கம். கத்தோலிக்கக் கோயில்ல ரெண்டு மூணு விஷயம் மாறும்.

பூட்டுப் பிரச்சினை அவ்வளவா கிடையாது. பூசையில மந்திரிச்ச அப்பத்தை, அதாவது நற்கருணையை, வைக்கிற பேழை உள்ள இருக்கிறதால ஜனங்க பகல்ல வந்து முழங்கால் போட்டுட்டுப் போவாங்க. பீடத்துப் பக்கம் ஒரு சின்ன விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்தா நற்கருணை உள்ள இருக்குன்னு அர்த்தம். அப்ப சத்தமா பேசக் கூடாது, பீடத்துக்கு முதுகைக் காட்டி நின்னு செல்ஃபி எடுக்கக் கூடாது. நீங்க அப்படிப் பட்டவங்க இல்லன்னு கேள்வியைப் படிச்சாலே தெரியுது, இருந்தாலும் எழுதி வைக்கேன், வேற யாராவது வாசிப்பாங்க.

அப்பம் பத்திக் கேட்டிருந்தீங்க. வாங்கக் கூடாது. இதை மட்டும் மனசுல அழுத்தி வச்சுக்கிடுங்க. திருப்பலியில, அதாவது பூசையில, எல்லாரும் வரிசையில போறதைப் பார்த்து, பிரசாதம் மாதிரின்னு நினைச்சு வெளியூர்க்காரங்க சேர்ந்துடுதாங்க. அது பிரசாதம் இல்ல. சாமியார் அப்பத்தை ஜெபிச்சு உயர்த்துற எழுந்தேற்றத்துக்கு அப்புறம் அது கிறிஸ்துவின் உடல்னு நம்புதோம். அதனாலதான் முதல் நன்மை (முதல் தடவை நற்கருணை) வாங்கின கத்தோலிக்கருக்கு மட்டும். சில பேர் வாங்கிட்டு, என்ன செய்யன்னு தெரியாம கர்ச்சீப்புல முடிஞ்சு வச்சுக்கிடுவாங்க. கோயில் வேலை பாக்கிற கோயில்பிள்ளை பின்னாலயே ஓடி வந்து திரும்ப வாங்க வேண்டியதாயிடும், ரெண்டு பேருக்கும் சங்கடம். அந்த நேரத்துல நீங்க இருந்த இடத்துலயே உட்கார்ந்திருங்க, ஒருத்தரும் தப்பா நினைக்க மாட்டாங்க. சி.எஸ்.ஐ.யிலயும் திடப்படுத்தல் (விசுவாசத்தை உறுதிப்படுத்துற சடங்கு) எடுத்தவங்கதான் திருவிருந்துக்குப் போவாங்க, அதனால அங்கயும் இதே கதைதான். திருவிழாவுல மந்திரிச்சுக் குடுக்கிற பொரி, ரொட்டி, எண்ணெய், உப்பு இதெல்லாம் வேற. அதை யாரும் வாங்கலாம், அம்மாவுக்கும் குடுங்க.

எங்க போகலாம்னா, வடக்கன்குளத்தைச் சொல்லுவேன். காவல்கிணறுக்குப் பக்கம், திருக்குடும்ப ஆலயம். 2022 மே 15-ல புனிதரா உயர்த்தப்பட்ட தேவசகாயம் பிள்ளை 1745-ல ஞானஸ்நானம் வாங்கின ஊர் அது. அதுக்காகவே நிறைய பேர் வருதாங்க. நான் சொல்ல வர்றது வேற காரணம். 1872-ல அங்க எழும்பின கோயிலுக்கு ரெண்டு கை. ஒரு சாதிக்காரங்க ஒரு கையில, இன்னொரு சாதியார் மத்தக் கையில, ரெண்டும் பீடத்துல போய்ச் சேரும். ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாம நடுவுல சுவர். ஒரே பூசை, ஒரே அப்பம், நடுவுல சுவர். 1910-ல கௌசானல்ங்கற பாதிரியார் அந்தச் சுவரை இடிச்சார். சும்மா போகல, பெரிய கலவரமாச்சு, கோர்ட்டு வரைக்கும் போச்சு.

அன்பு கண்ணுக்குத் தெரியுமான்னு கேட்டீங்களே. முதல்ல அது இல்லாம இருந்த இடத்தைப் பாக்கணும்னு நினைக்கேன். கல்லும் சுண்ணாம்பும் வச்சுக் கட்டி 38 வருஷம் நின்னிருக்கு அந்தச் சுவர். வேதம் தெரியாதவங்க கட்டினதில்ல, தினமும் பூசை பார்த்தவங்க கட்டினது. அங்க உட்கார்ந்து நம்ம வீட்டு அடுக்களையில, நம்ம ஊர்த் தெருவுல இதே சுவர் எந்த ரூபத்துல இருக்குன்னு யோசிச்சா அது பிரயோஜனமான அரை மணி நேரம்.

உவரி அந்தோனியார் கோயில் கடற்கரையிலயே இருக்கு, பக்கத்துல கப்பல் வடிவத்துல கட்டின மாதா கோயிலும் இருக்கு. அருமையான இடம். ஆனா தை மாசக் கடைசியை ஒட்டி 13 நாள் திருவிழா வரும், செவ்வாய்க்கிழமையும் கூட்டம். நோயாளிகளைக் கூட்டிக்கிட்டு வந்து நாள்கணக்குல தங்குறவங்க அதிகம். அமைதி வேணும்னா கிளம்புறதுக்கு முன்னாடி கொடியேத்த நாளை விசாரிச்சுக்கிடுங்க. கூட்டம் பரவாயில்லன்னா, திருவிழாவையே பாருங்க: அங்க வர்றவங்கள்ல கிறிஸ்தவங்க எத்தனை, மத்தவங்க எத்தனைன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது.


பழைய திருப்புதல் எழுதியது:

கேட்டவர் அன்பு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வருகிறார், அதனால் சொல்லைப் பற்றி ஒன்று.

கல்யாண ஆராதனையில் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் (கடிதம்) 13-ஆம் அதிகாரத்தை அதிகம் வாசிப்பார்கள். தை மாதம் கல்யாண மாதம், நீங்கள் போகும் கோயிலில் அது நடந்தாலும் நடக்கும். பின்னால் உட்கார்ந்து கேளுங்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள். ஆனால் அந்த அதிகாரம் மணமக்களுக்காக எழுதப்பட்டது அல்ல. சண்டை போட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்கு எழுதப்பட்டது. இரண்டு அதிகாரம் முன்னால், 11-இல் பாருங்கள்: பொது விருந்தில் வசதி உள்ளவன் முந்திச் சாப்பிட்டுவிடுகிறான், இல்லாதவன் பசியோடு நிற்கிறான் என்று பவுல் கடிந்துகொள்கிறார். சோற்றுப் பந்தியில் வந்த தகராறுக்கு மருந்தாகத்தான் அன்பு பற்றிய அந்த அதிகாரம் வருகிறது. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் ஒவ்வொரு வரியும் வேறு மாதிரி காதில் விழும்.

அடுத்தது யோவான் சுவிசேஷம், 21-ஆம் அதிகாரம். உயிர்த்த இயேசு தம் சீடன் பேதுருவிடம் மூன்று முறை கேட்கிறார். இங்கே சி.எஸ்.ஐ. கோயில்களில் வாசிக்கும் பழைய திருப்புதலில் (பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில்) முதல் இரண்டு தடவை "அன்பாயிருக்கிறாயா" என்று கேட்கிறார். பேதுரு ஒவ்வொரு தடவையும் "நேசிக்கிறேன்" என்கிறான். மூன்றாம் தடவை அவரே இறங்கி வந்து "நேசிக்கிறாயா" என்று கேட்கிறார். கிரேக்க மூலத்தில் இரண்டு வேறு வினைச்சொற்கள் இருப்பதைத் தமிழில் இப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. எப்படியானாலும் மூன்று பதிலுக்கும் பின்னால் ஒரே ஏவல்தான் வருகிறது: ஆடுகளை மேய்க்கும் வேலை. நேசிக்கிறேன் என்று சொன்னவன் கையில் உடனே ஒரு வேலை வந்து சேர்கிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு இரண்டு இடத்துக்குப் போகலாம். ஒன்று டோனாவூர், ஏர்வாடி வழியாக. ஏமி கார்மைக்கேல் என்ற அயர்லாந்து மிஷனெரி 1901-இல் அங்கே வந்து, இந்துக் கோயில்களுக்குத் தேவதாசியாக விடப்படவிருந்த பெண் குழந்தைகளையும் ஆதரவற்ற பிள்ளைகளையும் வளர்த்தார். 1895-இல் இந்தியா வந்தவர் பிறகு சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. 1951-இல் இறந்தார். தன் கல்லறைமேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால், பிள்ளைகள் அங்கே பறவைகள் வந்து குளிக்க ஒரு கல் தொட்டியை வைத்து, அதில் "அம்மா" என்று மட்டும் எழுதினார்கள். பேர் இல்லை, தேதி இல்லை, வசனமும் இல்லை. ஒரு எச்சரிக்கை: அது சுற்றுலா இடம் அல்ல, மனிதர்கள் குடியிருக்கும் வளாகம். வாசல் அலுவலகத்தில் கேட்டு, விட்டால் உள்ளே போங்கள், இல்லை என்றால் மன வருத்தமின்றித் திரும்புங்கள். குழந்தைகளைப் படம் எடுக்கவே கூடாது. கைநிறைய மிட்டாயோடு போய்க் குழந்தைகளைத் தேடுவதும் வேண்டாம்.

இரண்டாவது இடையன்குடி, திசையன்விளைக்குப் பக்கம். 1841-இல் கால்டுவெல் அங்கே வந்தார். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவர் என்றுதான் வெளியே தெரியும். உள்ளூருக்கு அவர் கோயில் கட்டிய ஐயர். 1847-இல் தொடங்கிய கோயில் 1880-இல்தான் பிரதிஷ்டையானது. 33 வருஷம். செம்மணல் மேடான தேரியும் பனையும் சூழ்ந்த ஊரில், கல் கொத்துவதிலிருந்து ஜன்னல் வளைவுக்கு மாதிரி செய்வது வரை ஆளைப் பழக்கிப் பழக்கிக் கட்டியது. ஒப்பிலக்கணம் 1856-இல் வந்துவிட்டது, கோயில் முடிய அதற்குப் பிறகு 24 வருஷம் ஆகியிருக்கிறது. அவர் மனைவி எலைசா ஊர்ப் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக் கொடுத்துக் கூலி வருமானம் உண்டாக்கினார். 1891-இல் கொடைக்கானலில் இறந்த கால்டுவெல்லை இங்கே கொண்டுவந்து இந்தக் கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். கோபுர உயரம்தான் வேண்டும் என்றால் மெய்ஞானபுரத்துக்குப் போங்கள், 192 அடி. அது வேறு திசை, உங்கள் இரண்டு நாளில் அதையும் திணிக்க வேண்டாம்.


கருப்பட்டி அக்கா எழுதியது:

எல்லாரும் கோபுரத்தையும் கல்லறையையும் சொல்லிட்டீங்க. தம்பி கேட்டது கண்ணுக்குத் தெரியுற அன்பு. அதுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு சின்ன ஊர்க் கோயிலுக்குப் போகணும், ஆராதனை முடிஞ்ச உடனே காருக்கு ஓடாம இருக்கணும். ஊர்ப் பேரைப் பாருங்க, அதுவே சொல்லும்: ஆசீர்வாதபுரம், சுவிசேஷபுரம், சமாதானபுரம், கடாட்சபுரம். முதலூர்னு ஒண்ணு இருக்கு, 1799-ல முதமுதல்ல கிறிஸ்தவங்களுக்குன்னே நிலம் வாங்கி உண்டாக்கின ஊர், அதனால அந்தப் பேரு. அந்தக் கோயிலுக்குப் போனீங்கன்னா மஸ்கோத் அல்வா வாங்காம வராதீங்க. மைதாவைப் பிசைஞ்சு, கரைச்சு எடுத்த பாலோட தேங்காய்ப்பாலும் சீனியும் சேர்த்துக் கிண்டுறது. நெய் விடுறதில்ல, தேங்காய்ப்பால்ல இருந்தே எண்ணெய் பிரிஞ்சு வரும்.

கோயில்ல என்ன பாக்கணும்னு சொல்லுதேன். காணிக்கை நேரத்துல பெண்டுக பக்கத்துல இருந்து சின்னச் சின்னத் துணிப்பை வரும். அதுல இருக்கிறது கைப்பிடி அரிசி. உலையில அரிசி போடுறதுக்கு முன்னாடி, களைஞ்ச அரிசி இல்ல, அளந்து வச்ச காய்ஞ்ச அரிசியில இருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாப் போட்டுடணும். ஈரக்கையால எடுத்தா மூணாம் நாள் பை பூசணம் பிடிச்சிரும், ஞாயித்துக்கிழமைக்குள்ள வண்டு விழுந்துரும். ஒரு கைப்பிடின்னா 45 கிராம் வரும்னு வைங்க. ரெண்டு நேரம் பொங்குற வீட்டுல வாரத்துக்கு 14 பிடி, அரை கிலோவுக்கு மேல. 100 வீட்டுச் சபைன்னா 60 கிலோ. அதை வித்தோ பொங்கியோ இல்லாதப்பட்டவங்களுக்கும் ஊழியத்துக்கும் போகும். இதுல நான் பெருசா நினைக்கிறது ஒண்ணு: மீந்த அரிசியைக் குடுக்கல. சமைக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துடுதாங்க. வீட்டுல அரிசி குறைவா இருக்கிற நாள்லயும் அந்தப் பிடி போயிரும், அன்னைக்கு யார் தட்டுல குறையும்னு பொங்குறவளுக்குத்தான் தெரியும்.

ஆராதனை முடிஞ்சதும் ஏலம். காணிக்கையா வந்த முட்டை, கோழி, முருங்கைக்காய், வாழைத்தார், முதல்ல காய்ச்ச தேங்காய், எல்லாம் பீடத்துக்கு முன்னாடி இருந்து வெளிய வரும். சபை ஊழியர் கையில தூக்கிக் காட்டி விலை கேப்பார். கடை விலையில ஆரம்பிக்கும், அதுக்கு மேல எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது. நீங்களும் கேக்கலாம், ஆனா விளையாட்டுக்குக் கேக்காதீங்க. மூணு தரம் சொல்லி முடிச்சா பொருள் உங்களுக்கு. 10, 20, 50 ரூபா சில்லறையா வச்சுக்கிடுங்க, அங்க 500 ரூபாய்க்குச் சில்லறை தேட ஆள் ஓட முடியாது. இன்னொண்ணு, ஊர்ல வயசான அம்மா ஒருத்தர் தன் வீட்டுக் கோழி போட்ட முட்டையைக் கொண்டு வந்திருந்தா, அதை அவங்க பேரனோ மகனோ விட்டுக்குடுக்காம கேட்டுக்கிட்டே போவாங்க. அங்க நடுவுல புகுந்து ஏத்தி விடக் கூடாது. அது அவங்களுக்குள்ள உள்ள காரியம்.

அசனம் கிடைச்சா விடாதீங்க. அசனம்னா சாப்பாடுதான். கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையை ஒட்டி ஊர் முழுக்க வரி போட்டு, அரிசியும் ஆடும் காய்கறியும் சேர்த்து, கோயில் வளாகத்துலயே அடுப்பு வெட்டிச் சமைப்பாங்க. சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, கத்தரிக்காய் போட்ட ஒரு கூட்டு, ரசம். எங்க கணக்குல ஒரு கிலோ அரிசிக்கு 8 பேர். வடிச்ச சோத்தைப் பாயில துணி விரிச்சுக் கொட்டும்போது ஒரு சாண் உயரத்துக்கு மேல குவிக்கக் கூடாது. ஆசைப்பட்டு மலை மாதிரி குவிச்சா அடியில ஆவி அடைச்சு வேர்த்துப் போகும், மூணாவது பந்திக்குள்ள நசநசத்துச் சாயங்காலம் ஊசிரும். குழம்புல உப்பு கொதி அடங்கினப்புறம்தான் பாக்கணும், கொதிக்கையில பாத்தா குறைவாத் தெரியும், ஒவ்வொருத்தரா வந்து ஒரு கை போட்டுட்டுப் போயிருவாங்க. அதனால உப்புக்கு ஒரே ஆள்தான் பொறுப்பு.

ஐயர் ஜெபம் பண்ணினப்புறம் பந்தி. டாக்டரும் கூலிக்காரரும் பக்கத்துப் பக்கத்துல உட்காரணும், கறி ஒரே கரண்டி. பக்கத்து ஊர் இந்து, முஸ்லிம் வீடுகளும் வரும், வர முடியாத கிழடு கட்டைகளுக்குத் தூக்குவாளியில போகும். மேல ஒருத்தர் கொரிந்தியர் 11 சொன்னாங்க இல்லையா, அந்தத் தகராறு இங்க வரக் கூடாதுன்னுதான் விளம்புறவங்க கடைசியில சாப்பிடுறது. வேதத்துல யூதா எழுதின நிருபத்துல இதுக்கு அன்பின் விருந்துன்னே பேர் இருக்கு.


கொங்குக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றிங்க. படிச்சுட்டு இப்படி வச்சிருக்கோம்: சனிக்கிழமை காலையில டோனாவூர், வடக்கன்குளம், சாயங்காலம் இடையன்குடி. ஞாயித்துக்கிழமை காலையில ஒரு கிராமக் கோயில், மத்தியானம் பாளையங்கோட்டை. உவரியை விட்டுட்டோம். அம்மாவால தரையில உட்கார முடியாதுங்க, முட்டி வலி. கிராமக் கோயில்ல என்ன பண்றது? ஒரே நாள்ல மூணு இடம் அதிகமா?


ஊசிக்கோபுர நிழல் எழுதியது:

மூன்று இடம் தாங்கும், வரிசை சரி. நான்குநேரி, ஏர்வாடி வழியாக டோனாவூர், அங்கிருந்து வள்ளியூர், பணகுடி வழியாக வடக்கன்குளம், பிறகு ராதாபுரம் வழியாகத் திசையன்விளை. காலை 7 மணிக்குப் புறப்பட்டால் இடையன்குடியில் 4 மணிக்கு மேல் இருப்பீர்கள், சனிக்கிழமை பாட்டுப் பயிற்சிக்குக் கதவு திறந்திருக்க வாய்ப்பு உண்டு. மத்தியானச் சாப்பாட்டை வள்ளியூரிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தாண்டினால் நல்ல கடை தேட வேண்டியிருக்கும்.

பாளையங்கோட்டையை மத்தியானத்தில் வைத்திருக்கிறீர்கள், அதைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். ஞாயிறு காலை ஆராதனை முடிந்து பூட்டிவிட்டால் மாலை ஆராதனைக்குத்தான் மறுபடி திறப்பார்கள். குளோரிந்தா கோயிலில் அதற்கு அரை மணி முன்னால் போய் உட்கார்ந்தால் வெளிச்சமும் சாய்வாக உள்ளே விழும், கூட்டமும் இருக்காது. ரயில் நிலையம் அங்கிருந்து தூரமில்லை.


கருப்பட்டி அக்கா எழுதியது:

அம்மாவைப் பத்திக் கவலையே வேண்டாம். எந்த ஊர்க் கோயில்லயும் சுவரோரமா வயசானவங்களுக்கு நாலு நாற்காலி கிடக்கும். வாசல்ல நிக்கிற பிள்ளைககிட்ட "அம்மாவுக்கு முட்டி வலி"ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. முழங்கால் போடுற நேரத்துல அவங்க உட்கார்ந்தே தலையைக் குனிஞ்சாப் போதும். ரெண்டு மணி நேரம் தாங்காதுன்னா பக்கவாசல் பக்கம் உட்கார வைங்க, எழுந்து போகச் சௌகரியம். தண்ணி பாட்டில் கையில இருக்கட்டும். ஆராதனை முடிஞ்சு வெளிய வந்தா நாலு பேர் வந்து எந்த ஊருன்னு கேப்பாங்க, யாராவது காப்பி குடிக்கக் கூப்பிடுவாங்க. அம்மாவுக்கு அந்த வீட்டுத் திண்ணையில உட்காருறதுதான் ரொம்பப் பிடிக்கும் பாருங்க, நேரம் ஒதுக்கி வச்சுக்கிடுங்க.

ஏலத்துல முட்டை எடுத்தீங்கன்னா ரயில்ல கொண்டு போக வழியில்ல. கையில வாங்கி, ரூபாயைக் குடுத்துட்டு, "இதை மறு ஏலத்துக்கு வச்சுக்கிடுங்க"ன்னு சபை ஊழியர்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க. அந்த முட்டை அன்னைக்கு இன்னும் ரெண்டு கை மாறும்.